ஒட்டாக்கைக்காரியின் கத்தி

ஒரு செடி பட்டுப்போனதற்கு அதைத் தொட்ட கையைக் குற்றம் சொன்னதுண்டா நீங்கள்? இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். "அவங்க கையால வச்சா தழைக்கும்" என்று யாரையாவது புகழ்ந்திருப்பீர்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பின்னால் ஒரு பழி ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒரு கை வைத்தால் தழைக்கும் என்றால், இன்னொரு கை வைத்தால் கருகும் என்றும் ஆகிவிடுகிறது அல்லவா? அந்த இன்னொரு கைக்குச் சொந்தக்காரி ஒருத்தியின் கதை இது.

நாற்றுப்பண்ணையில் அவளுக்கு 'ஒட்டாக்கை', அதாவது ஒட்டுக்கட்டினால் ஒட்டாத கை, என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர் மேஸ்திரி. முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னார். பிறகு எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் அவளே, "யாரும்மா அது?" என்று காவல்காரர் கேட்டால், "ஒட்டாக்கைங்க" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள்.

முன்பெல்லாம் அவள் வெயிலில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்புகிறவள். ஒட்டுக்கட்டும் கொட்டகையில் ஓர் இடம் காலியானபோது அவளை உள்ளே அழைத்தார்கள். பச்சை வலைக் கூரை, நீளமான மேசை, வரிசையாக நின்று மாங்கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டும் பெண்கள். வெயிலிலிருந்து நிழலுக்கு வருவது அந்தப் பண்ணையில் சாதாரண விஷயமில்லை. மேஸ்திரி ஒரு மடக்குக் கத்தியை அவள் உள்ளங்கையில் வைத்தபோது, வேலைக்கு அல்ல, ஏதோ பதவிக்கு வந்துவிட்டதைப் போல அவளுக்கு இருந்தது.

வேலை பார்ப்பதற்கு எளிது. வேர் பிடித்து நிற்கும் நாட்டுக் கன்றின் தலையைக் கிள்ளி, தண்டில் சாய்வாக ஒரு சீவல். நல்ல ஜாதி மரத்திலிருந்து வெட்டிவந்த குச்சியின் அடியில் அதே சாய்வில் இன்னொரு சீவல். இரண்டு காயங்களையும் முகத்தோடு முகம் பொருத்தி, நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பாலிதீன் குல்லாய் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு காயங்களுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் உள்ளே காற்றுப் புகும், குச்சி காயும், நுனி கருகும்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத்தில் நாடா. யார் கட்டியது பிழைத்தது, யார் கட்டியது செத்தது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இவளுக்கு வந்தது கத்தரிப்பூ நிறம். முதல் தொகுதியில், பண்ணைப் பேச்சில் முதல் லாட்டில், கத்தரிப்பூ நாடா கட்டிய கன்றுகள் எல்லாம், எரிந்து அணைந்த தீக்குச்சிகளை நட்டுவைத்ததைப் போல நின்றன. அடுத்த லாட்டும் அப்படியே. பக்கத்தில் சிவப்பு நாடாவும் மஞ்சள் நாடாவும் துளிர்விட்டுச் சிரித்தன.

"பீச்சாங்கையால கட்டினா எப்படிம்மா புடிக்கும்?" என்றார் மேஸ்திரி. "சோத்துக்கையால புடி கத்தியை."

பிடித்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இடது கையால் எல்லாவற்றையும் செய்து பழகியவள். வலது கையில் கத்தி பிடித்தபோது அது குச்சியை விட்டுவிட்டு அவள் கட்டைவிரலைச் சீவியது. ரத்தத்தைப் பார்த்த மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தா பாரு. நான் யார் வயித்துலயும் அடிக்கிறவன் இல்ல. ஆனா செடிக்கு உன் கை ஒத்துக்கல. இன்னொரு லாட் தர்றேன். அதுவும் கருகுச்சுன்னா மேசையை விட்டுட்டு மருந்து டப்பாவைத் தூக்கிக்க."

மருந்து டப்பா என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே பண்ணையில் அதை முதுகில் சுமந்து பூச்சிமருந்து அடித்தவன்தான் அவள் புருஷன். இப்போது வீட்டில் சுவரோரமாகத் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படுத்தால் மூச்சு முட்டும். பேசினால் இருமல். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவனுக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு துணியைத் தவிர பண்ணை அவனுக்கு எதையும் கொடுத்ததில்லை. "நெஞ்சு சரியில்லாத வம்சம்" என்று மேஸ்திரி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். கை சரியில்லை, நெஞ்சு சரியில்லை. அந்தப் பண்ணையில் மருந்து மட்டும் எப்போதும் சரியாக இருந்தது, கத்தி மட்டும் எப்போதும் சரியாக இருந்தது.

வீட்டில் இன்னொரு பிரச்சினை இருந்தது. அவளுடைய மகள் பாப்பாவுக்கும் இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி பூனை வரைவாள். அவர்களோடு இருந்த நாத்தனாருக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. கெட்டவள் இல்லை, குழந்தை மேல் உயிரையே வைத்திருந்தவள். அந்த உயிர்தான் அவளைப் பயமுறுத்தியது.

"கையில ஒரு துணியைச் சுத்தி இடுப்போட கட்டி வை. பழகிடும்."

"குழந்தையை எதுக்கு அண்ணி கட்டணும்?"

"உன் கை தொட்டது ஒண்ணாவது உருப்படுதா? இவளும் நாளைக்கு ஒரு மேசைக்கு வேலைக்குப் போகணுமில்ல? அவளையும் ஒட்டாக்கைன்னு கூப்பிடணுமா?"

இவள் மறுத்தாள். மறுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அந்த மறுப்புக்குப் பின்னால் நிற்க அவளுக்கு ஒரே ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. கத்தரிப்பூ நாடாவுக்கு மேலே ஒரே ஒரு துளிர்.

கத்தி மழுங்கல் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். நினைத்ததில் தப்பும் இல்லை. மேஸ்திரி எல்லாக் கத்திகளையும் அவ்வப்போது அள்ளிக்கொண்டு போய் மோட்டார் சக்கரத்தில் பொறி பறக்கப் பிடித்துக் கொண்டுவருவார். முனை சூட்டில் நீலம் பாய்ந்து சொரசொரப்பாக இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு அருகே மாடிப்படிக்குக் கீழே ஒரு பைண்டிங் கடை உண்டு. அங்கே ஓர் இளைஞன் தோலையும் அட்டையையும் வெண்ணெய் போல வெட்டுவதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் கத்தியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

அவன் நிமிர்ந்து கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்னக்கா, யாரைப் போடப் போறீங்க?"

"மாங்கன்னைத் தம்பி."

"அப்ப சரி, போலீஸ் வராது." கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினான். "இதால வெட்டுறீங்களா, கடிக்கிறீங்களா? ரம்பம் மாதிரி இருக்கே."

அவன் கற்றுக்கொடுத்தான் என்பதைவிட, அவன் வேலை செய்யும்போது அவளைப் பக்கத்தில் நிற்க விட்டான் என்பதே சரி. அவனிடம் மூன்று கற்கள் இருந்தன. ஒன்று சொரசொரப்பு, ஒன்று நடுத்தரம், மூன்றாவது கன்னம் போல வழவழப்பு. ஒட்டுக் கத்தியில் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டை. சரிவைக் கல்லில் முழுசாகப் படியவைத்துத் தள்ள வேண்டும். அழுத்தக் கூடாது. தள்ளத் தள்ள, தட்டைப் பக்கத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிர் எழும்பும். விரலைக் குறுக்கே வைத்து மெல்ல இழுத்தால் தட்டுப்படும். அது எழும்பினால்தான் சரிவு முனை வரைக்கும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து ஒரே ஓர் இழுப்பு. பிசிர் போய்விடும்.

"தட்டையை மட்டும் தூக்கிடாதீங்க அக்கா. தூக்கினா கத்தியோட மானம் போச்சு."

அவள் எல்லாத் தப்பும் செய்தாள். அழுத்தித் தேய்த்து நுனியை மொட்டையாக்கினாள். அவசரத்தில் முதுகைத் தூக்கி முனையை உருட்டிவிட்டாள். ஒருநாள் கத்தி கைமுடியைச் சிரைத்தது. ஆசை ஆசையாகப் பண்ணைக்குக் கொண்டுபோய் முதல் குச்சியைச் சீவியதும் அதன் கூர் செத்துப்போனது. எடுக்காமல் விட்ட பிசிரைக் கூர் என்று நம்பிவிட்டாள். முடியை வெட்டும், மரத்தைப் பார்த்தால் மடங்கிப் படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மனிதர்களையும் நமக்குத் தெரியும்.

இரவல் கல்லோடு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து தேய்த்தாள். கல்லின் மேல் கறுப்புத் தண்ணீர் ஓடும். முதலில் சரசரவென்று கத்துகிற கத்தி, முனை ஒழுங்குக்கு வர வர மெதுவாகப் பேசத் தொடங்கும். கடைசியில் பட்டுத்துணியைத் தடவும் சத்தம். அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முழங்கைக்குக் கீழே முடி இருந்த இடமெல்லாம் வழுக்கையானது.

"உன் கை முடிஞ்சுது. அடுத்து என் மீசையா?" என்றான் புருஷன்.

"உங்க மீசைக்கு மழுங்கல் கத்தியே போதுங்க."

அவன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி ஓய்ந்தது.

கடைசியில் பைண்டிங் கடைக்குப் போய் அங்கிருந்த தோல் ஒட்டிய பலகையில் இழுத்து முடித்தபோது, செய்தித்தாளின் ஓரத்தைக் காற்றில் பிடித்துக் கத்தியை வைத்தாள். தாள் சத்தமில்லாமல் இரண்டானது. பைண்டிங் கடைத் தம்பி விசிலடித்தான். "என் கத்தியே வெக்கப்படுது அக்கா."

அந்தக் கத்தியால், மேஸ்திரி தருவதாகச் சொன்ன லாட்டைக் கட்டினாள். சீவிய முகம் கண்ணாடி போல மினுங்கியது. இனி யார் என்ன சொல்ல முடியும் என்று இருந்தது. நாடா கட்டும்போது வாய்க்குள் பாட்டுக்கூட வந்தது.

எல்லாம் கருகின. முன்பு சிலதாவது கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றும். இந்த முறை அந்தத் தயவும் இல்லை. கூரான கத்தி தப்பை இன்னும் சுத்தமாகச் செய்து முடித்திருந்தது.

கொட்டகையின் மூலையில் அவள் போய் உட்கார்ந்ததை, மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் கண்ணாடிக்காரி பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள். மேஸ்திரியின் காலைப் பிடிக்காத குறையாக இவள் கெஞ்சினாள். கொள்முதல்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், மேசைக்கு ஆள் போதவில்லை. "இதுதான் கடைசி, இதுக்கு மேல என்கிட்ட வராத" என்று இன்னொரு லாட்டுக்கு ஒப்புக்கொண்டார். நன்றி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும், கடைசி லாட்டும் கருகும். கத்தியில் குற்றமில்லை என்று அவளே நிரூபித்துவிட்டாளே. இனி மிச்சம் இருப்பது கை மட்டும்தான்.

மனிதரை ஒடிப்பது பழி அல்ல. பழியைத் தானே நம்பத் தொடங்கும் அந்த நிமிடம்தான். அன்று வீட்டுக்கு வந்தவள் கை கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு நாத்தனாரிடம் போய், "அண்ணி, அந்தத் துணியைக் கொடுங்க" என்றாள்.

நாத்தனார் கட்ட வந்தபோது விடவில்லை. தானே கட்டினாள். பாப்பாவின் இடது கையை மடக்கி, துணியைச் சுற்றி, இடுப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். நாடா கட்டிப் பழகிய விரல்கள், முடிச்சு நன்றாகவே விழுந்தது.

"இந்தக் கை என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டாள் குழந்தை.

"ஒண்ணும் பண்ணலடா. பண்ணிடக் கூடாதுன்னுதான்."

சுவரோரத்தில் அவன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வார விடுமுறை வந்தது. மதியம், வெளிச்சம் வாசல்படி வரை வந்து கிடந்தது. பைண்டிங் கடைத் தம்பி கொடுத்தனுப்பிய வண்ணத்தாள் துண்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு பாப்பா தாளை முழங்கால்களில் இடுக்கி, வலது கையால் மட்டும் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் இடது கையால் வெட்டினால் தாள் வெட்டுப்படாது. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து, கசங்கி, மென்று துப்பியதைப் போல வெளியே வரும். நாத்தனார் அதையும் சாட்சியாகச் சேர்த்துவைத்திருந்தாள்.

"அம்மா! வெட்டுதும்மா!"

கோணல்மாணலாகத்தான் வெட்டியிருந்தாள். ஆனால் தாள் மடியவில்லை. வெட்டு சுத்தமாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் நாத்தனார். குரலில் வெற்றி இல்லை, ஆறுதல்தான் இருந்தது. "சோத்துக்கைக்கு மாத்தினதும் வெட்டுது."

இவளுக்கு நெஞ்சில் கல் விழுந்தது. அப்படியானால் உண்மைதான். கத்தரிக்கோலை வாங்கித் தன் இடது கையில் பிடித்து ஒரு தாளை வெட்டினாள். மடிந்தது. வலது கைக்கு மாற்றினாள். வெட்டியது. தன் வலது கையையே வெறித்துப் பார்த்தாள். துடைப்பத்தைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத கை. ஒரு பொத்தானைக்கூடப் போடாத கை. அதற்கு எங்கிருந்து திடீரென்று இந்தத் திறமை வந்தது?

அந்தக் கேள்வியை அவள் விடவில்லை. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம் அதற்கு, ஒரு பதிலோடு திருப்திப்பட்டு உட்காராமல் இருந்தால் போதும். கத்தரிக்கோலை மெதுவாக, மிக மெதுவாகத் திறந்து மூடினாள். வலது கையில் பிடித்து அழுத்தும்போது கட்டைவிரல் தள்ளுகிற தள்ளலில் இரண்டு அலகும் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. இடது கையில் பிடித்தால் அதே தள்ளல் அலகுகளை விலக்குகிறது. நடுவில் விழும் சந்தில் தாள் மடிகிறது. இடது கையிலேயே வைத்துக்கொண்டு, கட்டைவிரலை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் இழுத்தபடி வெட்டினாள்.

தாள் இரண்டானது. இடது கையில்.

எழுந்து ஓடிக் கத்தியை எடுத்தாள். வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துவந்தாள். கத்தியை வலது கையில் பிடித்துக் குச்சிமேல் வைத்தாள், வெட்டவில்லை, வைத்து மட்டும் பார்த்தாள். கத்தியின் தட்டைப் பக்கம் குச்சியின் மேல் படுத்தது. இடது கைக்கு மாற்றினாள். தட்டை மேலே போய்விட்டது, சரிவு கீழே வந்து குச்சியைத் தொட்டது. இப்போது சீவினாள். சரிவின் மேல் சறுக்கிய கத்தி உள்ளே இறங்கி, பிறகு மேலே ஏறியது. சீவிய முகத்தின் மேல் பாப்பாவின் அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அளவுகோலுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய ஒரு வெளிச்சக் கோடு. கரண்டிக் குழி. மினுமினுவென்று, கண்ணாடி போல, அழகான குழி. இரண்டு குழிகளை முகத்தோடு முகம் வைத்துக் கட்டிவிட்டு, ஒட்டவில்லையே என்று இத்தனை நாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் வேலையாகப் பாப்பாவின் முடிச்சை அவிழ்த்தாள். கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்று பதறினாள் நாத்தனார்.

"கையில ஒண்ணுமில்ல அண்ணி. கத்தி சோத்துக்கைக்குன்னு செஞ்சது."

"கத்திக்கு வலது, இடதுன்னு இருக்கோ? நல்லாருக்கு கதை!"

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "செருப்புக்கு மட்டும் இருக்கலாமாக்கா? உன் வலது செருப்பை இடது கால்ல மாட்டிக்கிட்டுக் கடை வரைக்கும் நடந்துட்டு வா. கால் கோணல்னு ஊரே சொல்லும்."

நாத்தனார் குனிந்து தன் காலைப் பார்த்தாள். துணியை மடித்து எங்கோ வைத்தாள். தூக்கி எறியவில்லை.

மிச்ச மதியம் முழுவதும் அவள் படியை விட்டு எழவில்லை. கூர் தீட்டுவது ஒரு வேலை. கத்தியின் முகத்தையே மாற்றுவது வேறு வேலை. பழைய சரிவை முழுவதுமாகத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். தட்டையாக இருந்த பக்கத்தில் புதிய சரிவை இறக்க வேண்டும். எஃகு அவ்வளவு சுலபமாகக் கொடுக்காது. சொரசொரப்புக் கல்லின் நடுவில் பள்ளம் விழுந்தது. விரல் நுனிகளில் தோல் உரிந்து, கறுப்புத் தண்ணீர் சிவந்தது. புருஷன் ஊர்ந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கல்லின் மேல் தண்ணீர் விட்டான். கத்தி பாதியாக மெலிந்தது. ஆனால் பிசிர் இந்த முறை மறுபக்கத்தில் எழும்பியது. அதை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு இன்னொரு குச்சியை இடது கையால் சீவி, அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

இடையில் வெளிச்சம் நுழையவில்லை.

மறுநாள் மேசையில் கண்ணாடிக்காரி அவள் சீவிய குச்சியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "என்னடி இது, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?"

சொன்னாள். கண்ணாடிக்காரிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "அப்ப இத்தனை நாளும் உன்னை..." என்றவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இப்பவே அவர்கிட்டச் சொல்லாத. முளைக்கட்டும். துளிரைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லு."

நல்ல எண்ணத்தில் சொன்ன யோசனை. அந்தக் கொட்டகையில் பேசிப் பேசி அடிபட்ட பெண்கள் எல்லோரும் இப்படித்தான் யோசிப்பார்கள், கையில் ஆதாரம் வந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று. இவளும் வாயை மூடிக்கொண்டு கட்டினாள். அந்த லாட் முழுவதையும் கட்டினாள். துளிர் வர நாளாகும். அதற்குள் மேஸ்திரி கத்திகளைச் சக்கரத்துக்குச் சேகரிக்க வந்துவிட்டார்.

"என்ன எழவு இது? கம்பெனிக் கத்தியை என்ன பண்ணி வச்சிருக்க?"

"என் கைக்குத் திருப்பியிருக்கேங்க. முன்ன இருந்தது வலது கைக்காரங்களுக்கு..."

"நாளைக்கு இன்னொருத்தி இதை எப்படிப் பிடிப்பா?"

"நான் இத்தனை நாள் பிடிச்ச மாதிரி பிடிப்பா."

மேசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிப் போனது. மேஸ்திரியின் முகம் கறுத்தது.

"வாய் வேறயா? செடியையும் கொன்னாச்சு, கத்தியையும் கொன்னாச்சு. போ, டப்பாவைத் தூக்கு."

"முளைக்கிற வரைக்கும் பொறுங்க. கொஞ்ச நாள்தான்."

"முளைச்சா பாத்துக்கலாம்."

அவள் கண் முன்னாலேயே சக்கரத்தை ஓடவிட்டு, கத்தியைப் பழையபடி ஆக்குகிறேன் என்று பொறி பறக்கத் தேய்த்தார். நீலம் பாய்ந்தது.

முளைத்தது. மருந்து டப்பா முதுகில் அழுந்த, மூக்கில் ஈரத்துணியோடு வலைக்கு வெளியே போனபோது அவள் பார்த்தாள். கத்தரிப்பூ நாடாக்களுக்கு மேலே, செம்பு நிறத்தில், எண்ணெய் தடவியதைப் போன்ற இளந்துளிர்கள். ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக. டப்பாவோடு கொட்டகைக்குள் ஓடினாள்.

உள்ளே மேஸ்திரி எல்லோருக்கும் அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? அவ கை விலகினதும் தழைச்சுருச்சு."

"கட்டினது அவதானே அண்ணே?" என்றாள் கண்ணாடிக்காரி.

"கட்டினது அவ. புடிச்சது அவ போன நேரம்."

செத்தால் அவள் கை. பிழைத்தால் அவள் கை இல்லாதது. இதற்குப் பெயர் நம்பிக்கையாம். கேள்வி நுழையக்கூடிய எல்லா வாசலையும் அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு கௌரவமான பெயரை யார்தான் கண்டுபிடித்தார்களோ!

"ஒரு கத்தி கொடுங்க," என்றாள் அவள். டப்பாவை இறக்காமலே கையை நீட்டினாள். "எல்லார் முன்னாலயும் வெட்டுறேன். பழைய கத்தியாலயும் வெட்டுறேன், திருப்பின கத்தியாலயும் வெட்டுறேன். வெளிச்சத்துல வச்சு நீங்களே பாருங்க."

"மருந்து நாத்தத்தோட உள்ள வராதம்மா," என்றார் மேஸ்திரி, கோபம்கூட இல்லாமல். "துளிர் கருகிடும்."

பெண்கள் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். கண்ணாடிக்காரியும் குனிந்தாள். அவளுக்கும் ஒரு வீடு இருந்தது, அங்கேயும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

இப்போதும் அவள் டப்பாதான் சுமக்கிறாள். விஷயம் தெரிந்த பைண்டிங் கடைத் தம்பி, "எந்தக் கைன்னு நான் கேக்கவே இல்லையேக்கா" என்று தலையைப் பிடித்துக்கொண்டான். தன் பழைய கத்தி ஒன்றை அவளுக்கென்று சரிவு மாற்றித் தந்தான். அதை அவள் நன்றாகத் தீட்டி வைத்திருக்கிறாள். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பாப்பாவின் பென்சிலைச் சீவுகிறாள்.

பாப்பாவின் கையை யாரும் இப்போது கட்டுவதில்லை. நாத்தனார்கூட அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் பென்சிலைக் கொடுத்தால் பாப்பா முதலில் வாசலைப் பார்க்கிறாள், யாராவது வருகிறார்களா என்று. பிறகு வலது கையால் வாங்கிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறாளாம். பூனை வரைவதை விட்டுவிட்டாள். துணியை அவிழ்த்தாகிவிட்டது, முடிச்சு உள்ளே போய்விட்டது. போட்டது யார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

"உன் கை வச்சது முளைச்சுருச்சாமே. அப்புறம் ஏம்மா மருந்தடிக்கப் போற?" என்று ஒருநாள் பாப்பா கேட்டாள். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல் வந்தது. இருமி முடித்து மூச்சை இழுத்தபோது, நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் எழுந்தது. சுவரோரத்தில் இருந்தவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அந்தச் சத்தம் அவனுடையது இல்லை. எதற்கும் ஒரு வேடிக்கை வைத்திருப்பவன், அன்று தன் தலையணையை அவள் பக்கம் தள்ளிவைத்தான்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தப் பாவத்தை வைத்து அவளால் ஒரு மூச்சுகூட விட முடியாது. எழுந்துபோய் உங்கள் வீட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள். இடது கையில் பிடித்து ஒரு தாளை வெட்டுங்கள். தாள் மடிந்தால் கையைப் பார்க்காதீர்கள், கத்தரிக்கோலைப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் வேலை செய்யும் இடத்தில், "கை சரியில்லை" என்று ஒதுக்கப்பட்ட ஒருவர் இருப்பார். அவர் கையில் எந்தக் கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். குனிந்துகொள்ளாதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இடது கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒன்று இருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம். பென்சிலை அந்தக் கையிலேயே கொடுத்து, ஒரு பூனை வரையச் சொல்லுங்கள்.